உப்புக் குவியலில் தேறிய ஜன்னல்

மூடிய ஜன்னலின் ஓரமாக ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்கிறாள் சைபுன்னிசா. இடுக்கில் காற்று கசிந்து புகை எங்கே வளைகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. எங்கள் வீட்டுக் கூடத்தை முடிப்பதற்குள் ஒரு சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. "இது ஜன்னல் இல்ல டீச்சரம்மா, சல்லடை" என்கிறாள். மரக்காணத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக இருப்பதால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பழக்கம் போன வருஷம் அவள் வீட்டில் தொடங்கியது. கணவர் அப்துல் கையூம் ஷார்ஜாவில். மாமியார் பக்கவாதத்தில் விழுந்து மேற்கு அறைக் கட்டிலே கதியாகக் கிடக்கிறார். வெயில் சுட்டால் நகர்ந்து படுக்கவும் முடியாது. சித்திரை மாதப் பிற்பகலில் அந்த அறைச் சுவரில் அப்பளம் ஒட்டினால் பொரிந்துவிடும். நான் ஒட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரும்பு ஜன்னலோ உப்புக்காற்றில் செதில் செதிலாக உதிர்ந்து பாதிதான் மிச்சம்.

கையூம் ஃபோனில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: வீடு முழுக்கத் திறக்காத கண்ணாடி, கூடவே ஏசி. அங்கே ஃபிளாட்டில் அப்படித்தானாம்.

"அங்க கரண்ட் போவாதுங்க. இங்க மத்தியானத்துல போனா, மூடுன பொட்டிக்குள்ள இருந்து மாமியை யாரு தூக்கிட்டு ஓடுறது?"

ஏசிக்குச் சரி என்றாள். ஜன்னலை மட்டும் தன்னிடம் விடச் சொன்னாள். ஆவணியில் லீவுக்கு வந்து பார்த்து, பிடிக்காவிட்டால் பெயர்த்தெறியலாம் என்பது ஒப்பந்தம்.

அப்புறம்தான் கூத்து. புதுச்சேரிக் கடைகளில் கண்ணாடித் துண்டுகளும் கீல்களும் மாதிரிக்கு வாங்கி வந்தாள். மொட்டைமாடியில் இரண்டு அட்டைப்பெட்டி. ஒன்றின் வாயில் ஒற்றைக் கண்ணாடி, மற்றதில் நடுவே காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி. உள்ளே தலைக்கொரு மெழுகுவத்தி. மூன்று மணிக்குப் பார்த்தால் ஒற்றைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. மற்றது கான்ஸ்டபிள் மாதிரி விறைப்பாக நின்றது.

கீல்களை, உப்பளத்தில் வேலை பார்க்கும் தையல்நாயகியிடம் கொடுத்து உப்புக் குவியலுக்குள் புதைக்கச் சொன்னாள். நாற்பது நாள். "துருவே புடிக்காதுன்னு கடைக்காரரு சொல்றாரு. உப்பு என்னா சொல்லுதுன்னு பார்ப்போம்." ஒரு கீல் உப்போடு லாரி ஏறிப் போய்விட்டது, எந்த ஊர்ச் சாம்பாரில் விழுந்ததோ. மீதியில் பளபளத்த ஸ்டீல் செம்புள்ளி போட்டு வந்தது, அலுமினியம் வெள்ளையாகப் பூத்து வந்தது. பித்தளை மட்டும் கொஞ்சம் பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்ததும் பல்லைக் காட்டிச் சிரித்தது.

பித்தளைக் கீல், தேக்குச் சட்டம், ரப்பர் விளிம்பு. மேற்கே திறக்கக்கூடிய சின்ன இரட்டைக் கண்ணாடி, அதற்கு வெளியே வெயில் மறைக்கச் சாய்ப்புப் பலகை. கிழக்கே கடலைப் பார்த்து அகலக் கதவுகள். ஆரோவில்லில் தச்சு வேலை செய்யும் மரியதாஸ்தான் மாட்டினார். ஊதுபத்திப் புகை வளைந்தது என்று ஒரே ஜன்னலை மூன்று முறை கழற்ற வைத்தாள். "இதுக்கு டிஎன்பிஎஸ்சி எழுதியே பாஸ் ஆயிடலாம்மா" என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் நான்காவது முறை ஊதுபத்தியைக் கேட்டு வாங்கி அவரே பிடித்துப் பார்த்தார்.

ஆவணியில் கையூம் வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சட்டை முதுகோடு ஒட்ட, நேரே அம்மாவின் அறைக்குப் போனார். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கிழக்கே நுழைந்த கடற்காற்று கூடம் கடந்து கட்டில்வரை வந்துகொண்டிருந்தது.

"ஏசியைக் கொஞ்சம் குறைம்மா. அம்மாவுக்கு ஆவாது" என்றார்.

சைபுன்னிசா, மாமியாரின் கால்மாட்டில் மடங்கிக் கிடந்த போர்வையை எடுத்து, உதறி, அவர் தோள்வரை இழுத்துப் போர்த்திவிட்டாள்.