பேஸ்ட் காய்ந்துபோன லேப்டாப்புகளும் சுலைமான் பாயும்

லேப்டாப் ரிப்பேர்க்காரனுக்கு வைரஸ் ஒரு எதிரியே இல்லை; "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிற வாடிக்கையாளர்தான் எதிரி. இந்தத் தொழிலில் கிடந்து வேகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தானா தெரியவேண்டும்!

ரங்கூனில், தாமுவே சந்தைப் பக்கம் எங்கள் கடை. வீட்டில் நான் முருகேசன், கடையில் கோ மின் சோ. கூட்டாளி கோ தெய்ன். எங்களிடம் வருவதெல்லாம் சிங்கப்பூரில் உழைத்துக் களைத்து, ஓய்வுபெற்ற பிறகு இங்கே வந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்த லேப்டாப்புகள்.

மூன்று தடவை விண்டோஸ்

மிங்கலா தாங்ஞுன் பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் சுலைமான் பாய். வாசோ மாதப் பௌர்ணமியோடு மழைக்கால நோன்பு தொடங்கிவிட்டால் மூன்று மாதத்துக்கு பௌத்தர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் அதற்கு முந்தைய வாரங்களில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தச் சமயம் பார்த்து அவருடைய லேப்டாப் வேலைக்கு நடுவே தானாக அணைந்தது. நான் விண்டோஸை மாற்றிக் கொடுத்தேன். மறுபடி அணைந்தது. மறுபடி மாற்றினேன். இப்படி மூன்று தடவை.

நாலாவது தடவை அது எழுந்திருக்கவே இல்லை. அப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். பிராசசருக்கும் அதன் மேலிருக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே சூட்டைக் கடத்த வேண்டிய பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. போர்டு கருகிவிட்டது. மூன்று கல்யாண வேலைகள் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டன. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"விண்டோஸை மூணு தடவை மாத்துனியே தம்பி, அடியில ஒரு தடவை கை வச்சுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை.

விசைப்பலகைக்கு வந்த டீச்சர்

எப்படியாவது சுலைமான் பாயைத் திரும்ப நம் கடைப் படி ஏறவைப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். ஓர் அட்டையில் பர்மிய எழுத்தில் எழுதி மாட்டினேன்: ஃபேன் ஓயாமல் கத்தினாலோ, அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டாலோ, வேலைக்கு நடுவே தானாக அணைந்தாலோ, வாங்கி மூன்று நாலு வருடம் ஆகி ஒரு தடவையும் திறக்காமல் இருந்தாலோ, பேஸ்டை மாற்றாமல் லேப்டாப்பைத் திருப்பித் தருவதில்லை. "இருக்கிற நாலு பேரும் ஓடிடுவாங்க" என்றான் கோ தெய்ன். ஓடட்டும் என்றேன்.

முதலில் இதில் மாட்டிக்கொண்டவர் டியூஷன் டீச்சர் டோ மியா யீ. இரண்டு விசைகள் வேலை செய்யவில்லை என்று வந்தார். தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. பேஸ்ட் மாற்ற வேண்டும் என்றதும் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தன் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று குடையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திறந்தேன். ஃபேனில் பஞ்சுபோல் தூசி, பேஸ்ட் பொருக்குப் பொருக்காக.

டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதையா இத்தனை நாள் மடியில வச்சிருந்தேன்? தொடை எரியுதுன்னு போனதுக்கு டாக்டர் எனக்கு மிளகாயை நிறுத்திட்டாரே!"

குளிர்ச்சியான வைத்தியம்

அட்டையை அளவுக்கு மீறி நம்பியவர் கோ அவுங். மாதாமாதம் வந்து புது பேஸ்ட் போடு என்பார். நல்ல பேஸ்ட் சில வருடம் தாங்கும், கோளாறு இல்லாதபோது சும்மா சும்மா திறந்தால் ஏதாவது உடையும் என்று திருப்பி அனுப்பினேன். மனிதர் விடவில்லை. வீட்டில் தானே திறந்து, பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு, மனைவி குளிர்ச்சிக்காகக் கன்னத்தில் பூச அரைத்து வைத்திருந்த தனாக்கா மரப்பட்டை விழுதை எடுத்துப் பூசிவிட்டார்!

கடைக்கு வந்தபோது லேப்டாப் மணத்தது, ஃபேன் அலறியது. தனாக்கா காய்ந்து வெடித்திருந்தது. நல்லவேளை, போர்டு பிழைத்தது. நான் திட்டத் திட்ட, அவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "என் சம்சாரம் முகத்துல சாயங்காலம் வரைக்கும் குளுகுளுன்னுதானே இருக்கு?"

கை வைத்துப் பார்த்தது

அடுத்த வருடம், வாசோவுக்கு முன்னால், சுலைமான் பாய் ஒரு லேப்டாப்போடு வந்து நின்றார். "இதுக்கு பேஸ்ட் மாத்தணுமா, பாரு" என்றார். அரை மணி நேரம் அவருடைய பத்திரிகை வேலையையே அதில் ஓடவிட்டு, அடியில் கை வைத்தேன். வெதுவெதுப்புத்தான். ஃபேனும் சத்தம் போடவில்லை. "போட்டுக் கொடுத்துடு, திரும்பி வந்ததே பெரிசு" என்று கோ தெய்ன் காதைக் கடித்தான். எனக்கும் ஆசைதான். ஆனாலும், "இப்ப வேண்டாம் பாய். ஃபேன் கத்த ஆரம்பிச்சா அன்னிக்கே கொண்டாங்க" என்று மூடிக் கொடுத்துவிட்டேன். போனால் போகட்டும், இன்னொரு தடவை தப்பாகக் கைவைக்க மாட்டேன்.

பாய் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "போன வாரந்தான் வேற கடையில புதுசா பேஸ்ட் போட்டேன் தம்பி. நீ தொட்டுப் பாக்குறியான்னு பாக்கத்தான் வந்தேன். அச்சகத்துல இன்னும் ரெண்டு கிடக்கு, நாளைக்குக் கொண்டாரேன்."

பேஸ்டை எப்போது மாற்ற வேண்டும் என்று லேப்டாப்பின் அடிவயிறு தானாகவே சொல்லிவிடுகிறது. அது என் மண்டையில் ஏறத்தான் ஒரு நல்ல மனிதர் ஒரு வருடம் கோபித்துக்கொள்ள வேண்டியிருந்தது.