வார்ட்டுக்குள் ஓடிய பஸ்

மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் பதினெட்டு வருடம் கொண்டக்டராக இருந்தவர். வலது கையும் காலும் விழுந்ததைவிட, பேச்சுப் போனதுதான் வீட்டில் எல்லோரையும் வாட்டியது. எதைக் கேட்டாலும் "அது, அது" என்பார். தண்ணீருக்கும் அதுதான், மாமியின் பெயருக்கும் அதுதான். என்னைச் சீண்டிச் சிரிக்கவைக்காமல் ஒருநாளும் இருக்காதவர், என் முகத்தைப் பார்த்தும் "அது" என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் இருந்த ஆஸ்பத்திரி வார்ட்டுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு நாடக ரீச்சர் வருவார். நோயாளிகளைச் சேர்த்துப் பாட்டு, கூத்து, களிமண் வேலை என்று ஏதாவது செய்விப்பார். இனி மருந்தில்லை என்றபடியால்தான் விளையாட விடுகிறார்கள் என்று மாமிக்கு உள்ளூர ஒரு சந்தேகம். ஆனாலும் மனுஷன் கட்டிலைவிட்டு இறங்குகிறாரே என்று பேசாமல் இருந்தார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் மாமியோடு போயிருந்தேன்.

ரீச்சர் பிளாஸ்டிக் கதிரைகளை இரண்டு வரிசையாகப் போட்டு, "இது பஸ். எல்லாரும் ஏறுங்கோ," என்றார். ஊன்றுகோலோடு ஒருவர், சேலைன் போத்தலோடு ஒருவர், மாமி, நான் எல்லோரும் ஏறினோம். கால் முறிந்திருந்த ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் யன்னல் சீற்றுத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். மாமாவின் சக்கர நாற்காலியை முன்னால் நிறுத்தி ரீச்சர் கேட்டார்:

"அண்ணை, பஸ் எங்கை போகுது?"

மாமா இடது கையால் கதிரையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நெல்லியடி, வல்லை, ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய், இருபாலை, யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம். ஏறுங்கோ, ஏறுங்கோ. பின்னாலை போங்கோ."

ஒரு சொல்லும் பிசகவில்லை. அதே இழுவை, அதே அவசரம். மருந்துத் தட்டோடு வந்த தாதி அப்படியே நின்றுவிட்டார். மாமி ஓடிப்போய் மாமாவின் முன்னால் குந்தினார்.

"இஞ்சாருங்கோ, என்ரை பேரைச் சொல்லுங்கோ."

மாமா வாயைத் திறந்தார். நெற்றி வியர்த்தது. "அது," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமாவுக்குக் கதைக்க ஏலும். எங்களோடை கதைக்க விருப்பமில்லை. சும்மா நடிக்கிறார்," என்றேன், வார்ட்டு முழுக்கக் கேட்கும்படி.

"அப்பிடி இல்லைப் பிள்ளை," என்றார் ரீச்சர். ஆனால் மாமியின் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை சொல்லுறது உண்மையே?" என்று மாமாவிடம் மெதுவாகக் கேட்டார்.

பிறகு ரீச்சர் மாமிக்கு ஒரு வழி பழக்கிக்கொடுத்தார். அந்தக் கொண்டக்டர் இழுவையிலேயே எதையும் கேட்கவேண்டும். தைப்பொங்கலுக்குள் மாமா, "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று கூவத் தொடங்கினார். மாமியின் பெயர் வர இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. ஆயிரம் தரம் சொல்லிப் பழகிய வரிகள் இந்த நோயிலும் அழியாமல் தப்பிவிடும், தேடி எடுக்கவேண்டிய சொற்கள்தான் அகப்படா என்று ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் எனக்கு விளக்கியது, நான் வளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு.

அன்றைக்கு வார்ட்டில், "உண்மையே?" என்று மாமி கேட்டதும் மாமா அழுதார். சத்தமில்லை, கண்ணீர் மட்டும் தாடியில் இறங்கியது. பொய் பிடிபட்டவர் அழுகிறார் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைப் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன்.