கூடையோடு இறங்கியவர்

குழாய்க்காரர் என்றால்தான் பழைய சகாக்கள் கூடும் அந்த மேசையில் அவரைத் தெரியும். விமானப்படையில் அவருக்கு வேலை, பறந்துகொண்டிருக்கும் போர் விமானங்களுக்குப் பறந்துகொண்டே எரிபொருள் கொடுப்பது. டேங்கர் விமானத்தின் வால் பகுதியில், பின்பக்கம் பார்த்த இருக்கை. மற்றவர்கள் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் வந்த திசையைப் பார்த்திருப்பார். நீளமான ரப்பர் குழாயைக் காற்றில் விடுவார். அதன் நுனியில் கூடை மாதிரி ஒன்று விரிந்து நிற்கும். பின்னால் வருகிற விமானி, தன் விமானத்தின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் குழலை அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். சரியாகச் செருகினால் பச்சை விளக்கு எரியும், எரிபொருள் பாயும்.

ஓய்வு பெற்றபின் தண்ணீர் பம்பு விற்கும் கடையில் வேலை. எந்த மோட்டாருக்கு எந்த வாஷர் என்று சொல்ல வேண்டும். வாங்க வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தாங்கள் கொண்டுவந்த துருப்பிடித்த துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டிலும் பெரிய மரியாதை கிடையாது. “ஆகாசத்துல குழாய் விட்ட மனுஷன்! சமையலறைக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது, அது மட்டும் கண்ணுக்குத் தெரியாது” என்பாள் மனைவி.

அதனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் காத்திருப்பார். டயர் கடைக்கு மேல்மாடியில் முன்னாள் விமானப்படையினர் கூடும் அறை இருந்தது. ஒரு நீள மேசை, ஒரே உயரத்தில் இல்லாத நாற்காலிகள், இறக்கை ஒடிந்து பசை போட்டு ஒட்டிய ஒரு பொம்மை விமானம். கீழே சக்கரம் கழற்றும் இயந்திரம் அலறும்போதெல்லாம் பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். நின்றதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்.

அங்கே எல்லோரிடமும் ஒரு கதை உண்டு. புதிதாகச் சேர்ந்த ஹெலிகாப்டர்க்காரர், “எங்களுக்கெல்லாம் ஆகாசத்துல யாருய்யா ஊத்துவாங்க? தீர்ந்துபோனா வயல்ல இறங்கி மாடு மேய்க்கறவன்கிட்ட வழி கேப்போம்” என்பார்.

“வழி கேட்டு? நடந்தே போறதுக்கா?” என்பார் ரேடியோ. தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேசியதைக் கேட்டே பழகியதால், யார் கதையில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஆனால் கேட்டு வாங்கிக் கேட்கும் கதை ஒன்றுதான். பூக்கூடை கதை.

“கூடையைப் பாக்காதேங்கறதுதான் முதல் பாடம்” என்று குழாய்க்காரர் ஆரம்பிப்பார். “டேங்கரைப் பாத்து வா, கூடை தானா வரும். நம்ம ஆளு என்ன பண்றான்? பூனை எலியைப் பாக்கற மாதிரி கூடையையே பாக்கறான். எலி சும்மா இருக்குமா? இவன் இந்தப் பக்கம் வந்தா அது அந்தப் பக்கம் போகுது. மேல வந்தா, முன்கண்ணாடியில பளார்னு ஒரு அறை விடுது. ரேடியோவுல ‘அம்மா, அம்மா’ன்னு ஒரே அழுகை. ‘தம்பி, அம்மா இங்க இல்லப்பா, நான்தான் இருக்கேன்’னேன்.”

கடைசி முயற்சியில் கூடை குழாயிலிருந்து பிய்ந்து விமானத்தோடு போய்விடும். அந்த விமானி மூக்கில் கூடையோடு தரையிறங்குவார். “என்ன சார், பூ வியாபாரமா?” என்று இவர் கேட்பார். அந்த விமானிக்குப் பூக்கூடை என்ற பேரும் அப்படியே நிலைத்துவிடும். அதற்குப் பிறகுதான் உச்சம். “ஏணியில இறங்கறான், பாத்தா கால்சட்டை...” என்று நிறுத்துவார். மேசையே சேர்ந்து முடிக்கும்: “நனைஞ்சிருக்கு!” டீ கிளாஸ்கள் துள்ளும்.

அந்த நேரத்தில் குழாய்க்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பம்புக் கடையில் ஸ்டூலில் இருக்கிற ஆளா இவர் என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெலிகாப்டர்க்காரர் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மாடியேறி வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். தோளில் பை. கதவருகே நின்று, தன் அப்பா பெயரைச் சொன்னாள். போர் விமானியாக இருந்தவர், சில வாரங்களுக்கு முன் தவறிவிட்டார் என்றாள்.

மேசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எங்களுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வந்திருப்போம்.”

“அதைத்தான் அம்மாவும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, படையில இருந்து ஒருத்தர்கூட வரலையேன்னு. நாம யாரையாவது ஏதாவது சொல்லிட்டமான்னு யோசிக்கறாங்க.” அவள் உட்காரவில்லை. “அப்பா ஒரே ஒரு தடவை இங்க வந்தார். சட்டையைத் தானே தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, பிஸ்கட் டப்பா வாங்கிக்கிட்டு வந்தார். அதுக்கப்புறம் எவ்வளவு சொல்லியும் வரல. ஏன்னு தெரிஞ்சுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

குழாய்க்காரர் மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் அப்பாதான் பூக்கூடை. இங்கே வந்த அன்றைக்கு அவர் குழாய்க்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். யாரோ, “ஆளே வந்தாச்சு, கதையைச் சொல்லுய்யா” என்றார்கள். குழாய்க்காரர் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. ஆள் எதிரில் இருந்தால் இன்னும் நன்றாக எடுபடும் என்று தோன்றியது. எடுபடவும் செய்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பூக்கூடைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது டீ வருவதற்குள், ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அதன்பிறகு யாரும் அவருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

“உடம்பு முடியாம இருந்திருக்கும்மா” என்றார் ரேடியோ. “இந்த மாடிப்படி வேற செங்குத்து.”

“அப்பா கடைசி வரைக்கும் தினமும் நாலு மாடி ஏறினவர் சார்.”

அந்தப் பெயரைக் கதையில் கேட்டிருந்தாலும் அன்றைக்கு நடந்தது தெரியாத ஹெலிகாப்டர்க்காரர் டீயை நீட்டியபடி, “அட, பூக்கூடையோட பொண்ணா நீங்க!” என்றார். மேசைக்கடியில் ரேடியோ அவர் காலை மிதித்தபோது தாமதமாகிவிட்டது.

“பூக்கூடையா?” என்றாள் அவள்.

எல்லோருடைய கண்ணும் ஒரே ஆள் பக்கம் போயிற்று. அவளும் அங்கே திரும்பினாள்.

“அது ஒரு... பழைய கதைம்மா” என்றார் குழாய்க்காரர். “தமாஷுக்கு.”

“சொல்லுங்க.”

“வேண்டாமே. இப்ப எதுக்கு?”

“எப்பவும் எப்படிச் சொல்வீங்களோ, அப்படியே சொல்லுங்க சார். எதையும் விட்டுடாதீங்க.”

அவள் இப்போது உட்கார்ந்தாள். அவள் அப்பா உட்கார்ந்த நாற்காலி அல்ல, ஆனால் எதிர்ப்பக்கம்தான்.

அவர் சொன்னார். வேறு வழி தெரியவில்லை. பூனை வந்தது, எலி வந்தது. அழுகை வந்தது. ‘அம்மா இங்க இல்லப்பா’ என்ற இடத்தில் வழக்கம்போல நிறுத்தினார். சிரிப்புக்காக விடும் இடைவெளி அது, நாக்குக்குப் பழகிவிட்டது. அந்த இடைவெளியில் மின்விசிறி மட்டும் சுற்றியது. பூ வியாபாரம் வந்தது. ஏணி வந்தது.

“பாத்தா, கால்சட்டை...”

கீழே சக்கர இயந்திரம் அலறத் தொடங்கியது. அது நிற்கும்வரை அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோ சுவரைப் பார்த்தார். இயந்திரம் நின்றது. யாரும் முடித்து வைக்கவில்லை.

“நனைஞ்சிருந்துச்சு” என்று அவரே சொன்னார்.

“இதுல எதெல்லாம் நிஜமா நடந்துச்சு?” என்று கேட்டாள்.

“கூடை பிய்ஞ்சுது நிஜம்.”

“அப்பா அழுதாரா?”

“இல்லம்மா.”

“கால்சட்டை?”

“மழைம்மா. இறங்கின எல்லாரும் நனைஞ்சுதான் இருந்தோம்.”

“அப்ப நடந்ததைச் சொல்லுங்க.”

அதைச் சொல்ல அவருக்கு வரிசை வரவில்லை. சொல்லிப் பழக்கமில்லாத கதை அது. “ரெண்டு விமானம் வந்துச்சு” என்றார். “ஒண்ணுல உங்க அப்பா. இன்னொண்ணுல அவருக்குக் கீழ புதுசா வந்திருந்த விமானி. அடியில கடல். திரும்ப வேண்டிய தளத்துல பேய் மழை, ஓடுபாதை தெரியல. தூரத்துல, மழை பெஞ்சாலும் ஓடுபாதை தெரியற வேற தளத்துக்குப் போகணும், ரெண்டு பேர்கிட்டயும் எரிபொருள் பத்தாது. எங்க குழாய்கள்ல ஒண்ணுதான் வேலை செஞ்சுது. உங்க அப்பாகிட்டதான் கம்மியா இருந்துச்சு. முறைப்படி அவர்தான் முதல்ல வரணும். ‘அவன் முதல்ல வாங்கிக்கட்டும், காத்துக்கிட்டிருந்தா பயந்துருவான்’னார்.”

அந்த மேசையில் பூக்கூடை ‘அவர்’ ஆனது அன்றைக்குத்தான்.

“அப்புறம் அவர் வந்தப்ப காத்து மோசமாயிருச்சு. டேங்கரே குலுங்குது, கூடை எப்படி நிக்கும்? மூணு நாலு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் நிதானமா பின்னால போய், திரும்ப வந்தார். ‘கை நடுங்குது, கொஞ்சம் பொறுத்துக்குங்க’ன்னார். அவ்வளவுதான் பேசினது. கடைசியில செருகிட்டார். வேணுங்கற எரிபொருள் போய்ச் சேர்ந்தப்ப ஒரு குலுக்கல். கூடை பிய்ஞ்சுது. அது அவர் தப்பில்ல. யார் இருந்தாலும் பிய்ஞ்சிருக்கும்.”

“யோவ், இன்னொரு விமானம் வந்ததை நீ சொன்னதே இல்லையே” என்றார் ரேடியோ.

“அதைச் சொன்னா எவன்யா சிரிப்பான்?”

சொன்னபிறகுதான் அந்தப் பதில் அவர் காதிலேயே விழுந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். இத்தனை பேர் முன்னால் கேட்டால் அதுவும் இந்த மேசையில் சொல்லும் இன்னொரு கதையாகிவிடும் என்று பட்டது. மூடிக்கொண்டார்.

“இங்க வந்த அன்னிக்கு, இந்தக் கதையைக் கேட்டு அப்பா சிரிச்சாரா?” என்று கேட்டாள்.

“சிரிச்சார்.”

“வீட்ல அவர் சத்தமா சிரிச்சு நான் பாத்ததில்ல.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “எங்க அம்மாகிட்ட இதை என்னால சொல்ல முடியாது சார். நீங்க வந்து சொல்லுங்க.”

“எப்பம்மா?”

“இப்பவே.”

அவர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ கிளாஸைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். குழாய்க்காரர் எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவள் பின்னால் இறங்கினார். காரில் அவள் சாலையையே பார்த்து ஓட்டினாள். அவர், ‘எந்தப் பக்கம் வீடு?’ என்றுகூடக் கேட்கவில்லை.

நாலாவது மாடி. அம்மா கதவைத் திறந்தார். ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். “அப்பாவோட படையில இருந்தவரும்மா” என்று மட்டும் மகள் சொன்னாள்.

“வாங்க, வாங்க. உக்காருங்க.” அம்மா பரபரப்பாக நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “யாருமே வரலையேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு தடவை அங்க போயிட்டு வந்தாரே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? என்னை யாரும் மறக்கல, நல்லா கவனிச்சாங்கன்னார். உங்களையெல்லாம் பாத்தா அதுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். அவர் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து போனாலும் தடுக்கப்போவதில்லை என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

குழாய்க்காரர் தண்ணீரைக் குடிக்காமல் தரையில் வைத்தார்.

“மறக்கலைங்கறது நிஜம்தாம்மா” என்றார். “ஆனா நல்லா கவனிக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவரைப் பத்தி நான் ஒரு கதை சொல்லிக்கிட்டிருந்தேன்...”

கணவரைப் பற்றிய கதை என்று கேட்டதும் அம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழாய்க்காரர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள், கேட்பதற்குத் தயாராக, அந்த முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.