எழுபத்தெட்டு டிகிரி

பதுளைக் கடைத்தெருவில் ரேடியோவும் மின்சாமானும் பழுது பார்த்த இத்ரூஸுக்கு உலகத்தில் முக்கால்வாசிப் பொருள் பிடிக்காது. இன்னொருவன் வைத்த ஈயப் பற்றைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். வயரை முறுக்கி மேலே பிளாஸ்டர் ஒட்டிய ரேடியோ வந்தால், செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கி மேசையில் போடுவார். "இத செஞ்ச கையாலயா அவன் சோறு திங்கிறான்?" என்று, கொண்டுவந்த அப்பாவியைக் கேட்பார். கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவர்களும் அடுத்த முறை அவரிடமே வந்தார்கள். வேலை அவ்வளவு சுத்தம்.

எழுபத்திரண்டாம் வருஷம், பூனாகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் துரை அவருக்கு ஆளனுப்பினார். அந்தத் துரை கொழும்புக்காரர். திருகோணமலைக் கடலிலிருந்து உயிருள்ள பவளத் துண்டு மூன்று, செம்மஞ்சள் மீன் இரண்டு, கோடு போட்ட இறால் இரண்டு, போதாக்குறைக்குக் கடல் தண்ணீரையும் கேன் கேனாக லொறியில் ஏற்றிவந்து, பங்களா ஹோலில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். மனுஷனுக்கே பல் கிடுகிடுக்கும் குளிர் அங்கே. தொட்டிக்கு எழுபத்தெட்டு டிகிரி பாரன்ஹைட் சூடு வேண்டுமாம். கீழே தொழிலாளர் லயத்தில் கூரை ஒழுகுகிறது, மேலே இறாலுக்குக் கணப்பு. இத்ரூஸுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால், இது சரியாக அமைந்தால் பங்களா முழுவதற்கும் புது வயரிங் அவருக்குத்தான் என்று துரை சொல்லியிருந்தார். குமட்டலை விழுங்கிக்கொண்டார்.

ஹீட்டரைக் கடையில் வாங்கலாமென்றால் இறக்குமதி நின்றுபோன காலம். தொட்டிக்கடியில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்தால் புகை, ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் சில்லிடும். சுடுநீர்ப் போத்தல் மிதக்கவிட்டால் மணிக்கொரு தரம் மாற்ற ஆள் வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் சூட்டுக் கம்பி வைக்கலாம் என்று துரையின் புத்தகம் சொன்னது. "கண்ணாடியா? கை தவறித் தட்டினா கரண்ட் தண்ணிக்குள்ள. தொட்டவன் மையத்துதான்" என்று இத்ரூஸ் அதையும் ஒதுக்கினார். கடைசியில் செம்பைத் தேர்ந்தார். இருந்ததிலேயே விலை கூடிய குழாய். ஒரு முனையைப் பற்றவைத்து அடைத்தார், பழைய இஸ்திரிப் பெட்டியின் கம்பியை உள்ளே இறக்கி மணல் நிரப்பினார். சூடு ஏறினால் தானே அணையும் தகட்டையும் அதே பெட்டியிலிருந்து கழற்றித் தொட்டியின் விளிம்பில் பொருத்தினார். மூன்று நாள் பங்களாவில் தங்கி, வெப்பமானி எழுபத்தெட்டை விட்டு அசையவில்லை என்று கண்ட பிறகுதான் பஸ் ஏறினார். தன் வேலையைப் பார்த்து அவர் முகம் சுளிக்காத நாட்கள் அவை.

ஒன்பதாம் நாள் மறுபடி ஆள் வந்தது.

பங்களா வாசலிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. இறால்கள் முதலில் செத்தனவாம். பிறகு பவளம் சளியாகக் கரைந்து தண்ணீரே கொழகொழத்துக் கிடந்தது. மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. தொட்டிக்குப் பக்கத்தில், தரை துடைக்கும் ரெங்கம்மா சுவரோடு சுவராக நின்றாள். புருஷன் போன பிறகு பங்களா வேலையும் லயத்தில் ஓர் அறையும்தான் அவளுக்கிருந்த பிடிமானம்.

"இவதான் பினாயில் கைய உள்ள விட்டிருக்கா" என்றார் துரை.

"சத்தியமா நான் தொடவே இல்லிங்க தொர."

இத்ரூஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயை வெளியே இழுத்தார். நீளத்துக்கும் பச்சைக் களிம்பு. உப்பில் ஊறிய செம்பு. ஈயம் பூசாத பாத்திரத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைக்கக் கூடாது என்று அடுப்படியில் நிற்கும் எந்தப் பொம்பிளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். விஷம் அவர் கை வழியாகத்தான் தொட்டிக்குள் போயிருந்தது.

"ஹீட்டர்ல ஏதும் பிழையா?" என்று துரை கேட்டார்.

இத்ரூஸ் குழாயைத் துணியில் சுற்றினார். வெப்பமானியைப் பார்த்தார். "சூட்டுல பிழையில்ல தொர. எழுபத்தெட்டுலதான் ஈக்கிது."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. துரை அன்றைக்கே ரெங்கம்மாவின் பேரை வெட்டி, வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தார். மூன்றாம் நாள் லயத்து அறையைக் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவு.

இரண்டு ராத்திரி இத்ரூஸுக்குச் சோறு இறங்கவில்லை. கையை எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அந்த வீச்சம் போனபாடில்லை. மூன்றாம் நாள் காலை, துரையிடம் சொல்லிவிடுவதென்றே புறப்பட்டார். தோட்டத்துச் சந்தியில் இறங்கினால், மூட்டை இரண்டோடு ரெங்கம்மா நிற்கிறாள். தெமோதரையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். அவர் வந்த பஸ்தான் அப்படியே திரும்பிப் போகும்.

அவளைக் கண்டதும் இத்ரூஸ் கொட்டிவிட்டார். "ரெங்கம்மா, ஒங்க மேல ஒரு பிழையுமில்ல. நான் போட்ட செம்பு. களிம்பு ஏறித்தான் எல்லாம் செத்திச்சு."

ரெங்கம்மா மூட்டைகளைத் தரையில் வைத்தாள்.

"நான் செய்யலன்னு எனக்குத் தெரியுங்க நானா. தெரிஞ்ச எங்கிட்டயே வந்து சொல்றீங்களே. தொர மேலதான் இருக்காரு. போயி சொல்லுங்க."

இத்ரூஸ் பங்களாவுக்கு ஏறும் பாதையை நிமிர்ந்து பார்த்தார். அரை மைல் ஏற்றம். பஸ்காரன் மணியடித்தான்.

"அடுத்த கெழம வயரிங் வேலைக்கு வாரன். அப்ப கட்டாயம் சொல்லுறன்" என்று தன் வாயே சொல்வதைக் கேட்டார். சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்துவிட்டார். "ஏறுங்க ரெங்கம்மா. ஒங்களுக்கும் சேத்து நானே டிக்கட் எடுக்கிறன்."

ரெங்கம்மா மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ஸுல போறேன்."

அடுத்த பஸ் சாயங்காலம் நாலரை மணிக்கு.