வக்கீல் அல்லாத குற்றாலலிங்கம் பிள்ளை

பழவங்காடிப் பக்கம் யாராவது வெளியூர்க்காரர் தெரியாமல் 'வக்கீல் ஐயா' என்று கூப்பிட்டுவிட்டால், என் சித்தப்பா குற்றாலலிங்கம் பிள்ளை விறுவிறுவென்று நடையைக் கட்டிவிடுவார். ஒரு காலத்தில் அந்தப் பேருக்காக ஏங்கிக் கிடந்த மனுஷன்தான்.

அவருக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். சித்தப்பா வாசிக்கிற தோரணைக்கு ஹைக்கோர்ட்டே எழுந்து நிற்கும். போதாததற்குக் கறுப்புக் கோட்டு வேறு. வக்கீல் என்று நினைத்தவர்களை அவர் திருத்தியதே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து சுசீலாபாய் என்றொரு பெண் வந்தாள். அவள் புருஷன் சத்தியதாஸ் கங்காணியை அடித்துவிட்டான் என்று கேஸ். முதலில் கை ஓங்கியது கங்காணிதான், பார்த்தவர்களும் இருந்தார்கள்.

"ஐயா வக்கீலுதானே?" என்று கேட்டாள்.

"பின்னே? நான் வக்கீலுதான். கேஸை நான் பாத்துக்கிடுதேன், நீ பேசாம போ."

அழகாக ஒரு மனு எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தாராம். சாட்சிகளைக் கோர்ட்டுக்கு வரவழைக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு கர்வம்.

விசாரணையன்று கோர்ட்டு வராந்தாவில் ஒரு இளவட்ட வக்கீல், பீஸ் வேண்டாம், நான் பேசுகிறேன் என்று அவளிடம் வலிய வந்து சொன்னார். "எங்களுக்கு வக்கீலு உண்டு" என்று அனுப்பிவிட்டாள்.

கேஸைக் கூப்பிட்டார்கள். இவனுக்கு வக்கீல் யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சுசீலாபாய் கடைசி வரிசையில் இருந்த சித்தப்பாவைக் கைகாட்டினாள். சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? வேறு யாரையோ காட்டுகிறாள் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. கோர்ட்டே சிரித்தது. இதை எழுதும்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. வக்கீல் அல்லாதவன் வக்கீல் என்று சொல்லிக் கேஸ் எடுத்தால் ஜெயில்தான் என்று எச்சரித்துவிட்டு, இந்த ஆள் உன்னிடம் அப்படிச் சொன்னானா என்று அவளைக் கேட்டார். அவள் சித்தப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்ல எஜமானே. நானாத்தான் அப்பிடி நெனச்சுப்போட்டேன்."

சித்தப்பாவை விட்டுவிட்டார்கள். பேச ஆளும் சாட்சியும் இல்லாமல் சத்தியதாசுக்கு மூன்று மாசம் ஜெயில்.

வெளியே வந்ததும் சித்தப்பா கைகூப்பிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அழுதேவிட்டார். "என்னைக் காப்பாத்திப்போட்டியே தாயே" என்றார்.

வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் கேட்க அவள் சொன்னாள்:

"உமக்காகச் சொல்லல்ல. உம்மையும் பிடிச்சு அதே ஜெயில்ல போட்டா, எனக்க மாப்பிள்ள தெனமும் உம்ம மூஞ்சியிலயா முழிக்கணும்?"