கப்பல் கொண்டுபோன அண்ணன்

தீபாவளிக்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் இரண்டாவது காப்பியோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கிள்ளானிலிருந்து நண்பன் நாகராஜ் போன் செய்தான்.

"டேய், ஃப்ரீயா? பி.ஜே.ல மாடல் ப்ளேன் ஷோ ஒண்ணு. அப்பாவும் வரேன்னு நிக்கிறாரு. வீல்சேர் தள்ள ஒரு ஆள் வேணும் லா."

நட்புக்கு இலக்கணம் பார்த்தீர்களா? ஆள் வேணுமாம்... போனேன்.

நாகராஜ் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் அடுக்குவதில் அவனுக்குப் பைத்தியம். அவன் அப்பா சின்னசாமி அங்கிள் தொண்ணூறை நெருங்குகிறவர். கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே உழைத்து, வயதான பிறகு மகனோடு கிள்ளானுக்கு வந்தவர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார்.

பெட்டாலிங் ஜெயாவில் பார்க்கிங் கிடைப்பதற்குள் ஒரு நிஜ விமானத்தையே ஒட்டி முடித்திருக்கலாம். ஒருவழியாக உள்ளே போனால், அன்றைக்கு மேசை முழுக்க ஒரே ரகம் – சக்கரத்துக்குப் பதிலாக மிதவை மாட்டிய போர் விமானங்கள்.

எனக்கு இது புதுசு. சண்டை போடும் விமானத்துக்கு எதற்கய்யா மிதவை? நாகராஜ் விளக்கினான். ரன்வே இல்லாத தீவுகளில் என்ன செய்வது? கடலையே ரன்வே ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜப்பான்காரன் செய்தான். வெள்ளைக்காரன்கூடத் தன் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு மிதவை மாட்டிப் பார்த்தானாம். வேகம் குறைந்துபோகும்... ஆனாலும் பறந்தது.

இன்னொரு வேடிக்கை. பாதி விமானங்கள் உலகத்தில் இருந்ததே இல்லை! ஜெர்மன் ஜெட் ஒன்றுக்கு மிதவை மாட்டி வைத்திருந்தார்கள். 'வாட்-இஃப்' என்று இதற்குப் பெயராம். இப்படி நடந்திருந்தால்... என்ற ஆசை. நிஜத்துக்கு வெள்ளை அட்டை, கற்பனைக்கு மஞ்சள் அட்டை.

சட்டென்று வீல்சேர் நின்றது. அங்கிள் சக்கரத்தைக் கையால் பிடித்துவிட்டார்.

எதிரே கரும்பச்சை விமானம். இறக்கையில் சிவப்பு வட்டம். வயிற்றுக்குக் கீழே பெரிய மிதவை ஒன்று, இரண்டு இறக்கைக்குக் கீழேயும் சின்னச் சின்னதாக ஒவ்வொன்று. அதன் அட்டை எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"இது நெசமா, இல்ல இவங்களா இட்டுக்கட்டுனதா?"

நாகராஜ் வாயைத் திறப்பதற்குள், மேசைக்குப் பின்னால் நின்ற சீனரிடம் அங்கிளே அதை மலாயில் கேட்டுவிட்டார். "இனி பெத்துல் அடா கா?"

"அடா, அங்கிள். ரியல் ஒன். ஜப்பான் புன்யா," என்றார் அவர். ஜப்பான்காரனுடைய புகழ்பெற்ற ஜீரோ போர் விமானம்தான், சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை வைத்தது என்றும் சொன்னார்.

அங்கிள் அந்தப் பெரிய மிதவையைச் சுட்டிக்காட்டினார். "இதான்டா அந்தக் கப்பலு."

"அப்பா, இது ப்ளேன்."

"தெரியும்டா. அன்னிக்கி எனக்கு ப்ளேன்னு சொல்லத் தெரியாது."

அப்புறம் அவர் பேசியது, அவருக்கு அது ஒரு வருஷத்துப் பேச்சு.

ஜப்பான் காலம், அதாவது போரில் ஜப்பான்காரன் இங்கே வந்து ஆண்ட காலம். அவருக்கு ஏழோ எட்டோ வயது. அண்ணன் பெரியசாமி சம்பான் என்கிற சின்னப் படகில் நண்டு பிடிக்கப் போயிருக்கிறான். இவர் கரையோர மண் அணையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வானத்திலிருந்து ஒன்று தாழப் பறந்து வந்து, தண்ணீரில் உட்கார்ந்து, சீறிக்கொண்டே ஓடி, சம்பான் மேல் ஏறிப் போய்விட்டது. அண்ணன் தலை மேலே வரவேயில்லை. உடைந்த சம்பானை வடிந்துகொண்டிருந்த கடல் தண்ணீர் இழுத்துக்கொண்டது.

பையன் வீட்டுக்கு ஓடினான். "அம்மா, அண்ணனைக் கப்பல் கொண்டுபோயிருச்சு!"

இங்கேதான் விஷயம். மலாய்க்காரர்களுக்கு விமானம் 'கப்பால் தெர்பாங்'. பறக்கும் கப்பல். பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த பையனுக்கு வானத்தில் போவதும் கப்பல்தான். ஆனால் அந்தத் தாய்க்குத் தெரிந்தது ஒரே கப்பல். நாகப்பட்டினத்தில் அவர் ஏறி வந்த கப்பல். எஸ்டேட் ஆட்களை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போன நேரம் வேறு. 'கொண்டுபோயிருச்சு' என்றால் அவருக்கு என்ன தோன்றும்? பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போனவன் வருவான்.

"அது பறந்துச்சும்மான்னு சொன்னேன். பறக்குற கப்பல் எப்படிடா தண்ணியில ஓடும்னு எல்லாரும் கேட்டாங்க. பொய் சொல்றேன்னு அம்மா ஓங்கி ஒரு அறை. அதுக்கப்புறம் நான் சொல்லலே. போகப் போக, கனவு கண்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

பெரியப்பா சயாமுக்குப் போய்த் தொலைந்தவர் என்றுதான் நாகராஜும் கேட்டு வளர்ந்திருக்கிறான்.

தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோமே, அதில் பெரியசாமிக்கு மட்டும் இலை கிடையாதாம். "உசுரோட இருக்கிறவனுக்கு எவன்டா படைப்பான்?" என்று தாய் சீறுவாராம். போர் முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அந்தத் தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் போய்ச் சேர்ந்தார். அவருக்கு இலை விழுந்தது. அண்ணனுக்கு அப்போதும் இல்லை. அம்மா பேச்சைத் தாண்டத் தம்பிக்குத் துணிவு வரவில்லை.

அந்த விமானம்தான் கேரி தீவுக்கு வந்ததா? என்னிடம் ஆதாரம் கிடையாது. பினாங்கில் ஜப்பானியர்கள் கடல் விமானங்கள் வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவ்வளவுதான். ஆனால் பச்சை இறக்கையைப் பார்த்து அந்த மனிதர் அழுத அழுகைக்கு எந்த ஆதாரமும் வேண்டியிருக்கவில்லை.

'கப்பல்' என்ற ஒரு சொல். தாய்க்குச் சாகும்வரை ஒரு மகனைக் கொடுத்தது – மஞ்சள் அட்டை மகன். தம்பியிடமிருந்து அண்ணனுக்காக அழும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. இது வரமா, சாபமா? நீங்களே சொல்லுங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை கிள்ளானுக்குப் போயிருந்தேன். அங்கிள் வீல்சேரைத் தன் அம்மாவின் படத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்.

"அம்மா... நீ அடிச்சாலும் பரவால்ல. அண்ணன் எங்கயும் போகலே. நம்ம கடலுலதான் இருந்தான்."

நாகராஜின் மனைவி கமலா, மாமனாரின் அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை இலையில் பரிமாறினாள். பக்கத்தில் இன்னொரு இலை போட்டாள்.

"மாமா, பெரிய மாமாவுக்கு என்ன பிடிக்கும்?"

அங்கிள் யோசித்தார். முகம் வாடிப்போனது. பாருங்கள்... அத்தனை வருஷமாக யாரும் படைக்காததால், அது யாருக்கும் ஞாபகம் இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"சோறு வைம்மா. ஜப்பான் காலத்துல எங்களுக்குத் தெனமும் மரவள்ளிக்கிழங்குதான். சோறு வேணும் சோறு வேணும்னு அழுவான்."

இலை நிறையச் சோறு வைத்தாள். ஆவி பறந்தது.