முருகலட்சுமியின் பொட்டு

ஜெப ஷீலா பிறந்ததிலிருந்து நெற்றியில் பொட்டு வைத்தவள் இல்லை. எம்.ரெட்டியபட்டியில் அவர்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. 1998 பங்குனியில் ஒரு காலை, சூப்பர்வைசர் வெள்ளத்துரை ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

“ஒட்டிக்க. இன்னிக்கு நீ முருகலட்சுமி. வயசு பத்தொம்பது. வெள்ளக்காரம்மா கேட்டா அதத்தான் சொல்லணும்.”

அருப்புக்கோட்டைக்கு வெளியே, திருச்சுழி ரோட்டில், பழைய பருத்திக் குடோனைத் தையல் கம்பெனி ஆக்கியிருந்தார்கள். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகள். அவற்றை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா அன்றைக்குச் சோதனைக்கு வருவதாக இருந்தது. லோடு ஏறுகிற வாரத்தில், பிள்ளைகள் எழுந்து போய்விடக்கூடாதென்று ஷட்டரை வெளியே பூட்டிவிடுவார்கள். மாசியில் அப்படிப் பூட்டிய ஒரு மத்தியானம், ஷீலாவுக்குப் பக்கத்து மிஷின் முருகலட்சுமிக்கு மூச்சு முட்டியது. “கதவத் தெறங்க” என்று கத்திக் கத்தி, சாவி வருவதற்குள் தைத்த துணிமேலேயே சாய்ந்து செத்துப்போனாள்.

அந்தச் சாவை மறைக்க, வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடிக்காமலே வைத்திருந்தார்கள். ஷீலாவுக்கோ பதினாலு வயது. பதிவேட்டில் அவள் பெயர் ஏறியதே இல்லை. செத்தவளுக்கு ஓர் ஆள் வேண்டும், இருக்கிறவளுக்கு ஒரு பெயர் வேண்டும். படுபாவிகள் இரண்டையும் பொருத்திவிட்டார்கள்.

செத்தவளின் ஸ்டூலிலேயே உட்காரவைத்து, அவளுடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். எதிர் மிஷின் அழகுத்தாய் நிமிர்ந்து பார்த்தவள் மிஷினை நிறுத்திவிட்டாள்.

“ஆத்தீ, அவளேதாண்டி.”

ஷீலாவுக்கு மிஷின் மிதியில் கால் வைத்தால், அங்கே ஏற்கனவே வேறொரு கால் இருப்பது போலிருந்தது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் முருகலட்சுமி செத்ததே இல்லையென்று ஆகிவிடும். அதனால் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தாள்.

வெள்ளைக்காரம்மா வந்து குனிந்து பெயர் கேட்டார். கூட நின்ற மானேஜர்தான் மொழிபெயர்ப்பு.

ஷீலா எழுந்தாள். “நான் ஜெப ஷீலா. முருகலட்சுமி இந்த ஸ்டூல்லயே செத்துப்போயிட்டா. பூட்டிப் போட்டுக் கொன்னுட்டாக.”

மானேஜர் முகம் மாறாமல் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். அந்தம்மா மலர்ந்து சிரித்தார். அட்டையிலிருந்த பெயரைத் தட்டுத்தடுமாறி, அன்பாகச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அடுத்த மிஷினுக்கு நகர்ந்தார்.

மறுநாளும் அதே அட்டையைத்தான் மாட்டச் சொன்னார்கள். ஷீலா பொட்டை ஒட்டவில்லை. இனி அந்தப் பெயருக்கு வாயே திறப்பதில்லை என்று கர்த்தர் பேரில் ஆணையிட்டுக்கொண்டு வந்தாள்.

வெள்ளத்துரை பதிவேட்டை விரித்தார்.

“முருகலட்சுமி.”

“உள்ளேன் சார்.”

அவர் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார். யார் சொன்னதென்று ஷீலா பதறித் திரும்பிப் பார்த்தாள். நாற்பது பிள்ளைகளும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.